நான்காவது வரிசை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் என் முழங்கால் வலியும்தான். உன் இருமல் தேவலையா? கம்பளிச் சட்டையும் இரண்டு ஜோடி காலுறையும் போன வாரம் அனுப்பினேன். சிறை அலுவலகத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று தெரியும். விரல் பக்கம் நான் தைத்திருக்கும் ஒட்டைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருந்தால் சரி.

என்ன நாடகம் போகிறது, கூட்டம் வருகிறதா என்று கேட்டிருந்தாய். அதே விடுதிக்காரி நாடகம்தான், அக்டோபரிலிருந்து மறுபடி போட்டிருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில் அரங்கு முக்கால்வாசி நிறைகிறது. இயக்குநர் தாடிக்காரர் ஒத்திகையில் கத்துவதைக் குறைத்துவிட்டார். டாக்டர் சொன்னாராம். இப்போது கத்த வேண்டிய இடத்தில் தாடியை முறுக்குகிறார். அதுதான் எல்லோருக்கும் இன்னும் பயமாக இருக்கிறது.

எனக்கு அரங்கத்தை விட்டால் வேறு போக்கிடம் ஏது? தினமும் அங்கேதான் கிடக்கிறேன். பாதித் தண்டனையைத் தாண்டிவிட்டாய், மீதியும் போய்விடும். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜனவரி 27

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இதை உனக்கு முன்னால் படிக்கப்போகும் அதிகாரிக்கும் வணக்கம். இருமல் நின்றுவிட்டது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல வாங்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

காலுறை வந்தது. ‘வக்கீல்’ மட்டும் பார்த்துவிட்டு, “உங்க அக்கா நடிப்புல எப்படியோ, தையல்ல தேற மாட்டாங்க” என்றார். நிஜ வக்கீல் இல்லை. என் அறையில் இருப்பவர். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பார், தன் வழக்கில் மட்டும் தோற்றுப்போனார்.

என்னை இப்போது பைண்டிங் அறையில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து முதுகு பிய்ந்த புத்தகங்கள் வருகின்றன. பிரித்து, தைத்து, பசை தடவி, அட்டை போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஊசியில் நூல் கோக்கத் திணறுகிறது.

பசை சிந்தாமலிருக்க மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்போம். முந்தாநாள் விரித்தது நவம்பர் மாதத்துத் தாள். அதில் உங்கள் நாடகத்தைப் பற்றி எழுதியிருந்தது. “எங்க அக்கா நாடகம்” என்று எல்லோரையும் கூப்பிட்டேன். வக்கீல் உரக்க வாசித்தார். ‘விடுதிக்காரியாக நடித்த இருபத்தாறு வயது நடிகை’ என்று இருந்தது. உனக்கு நாற்பத்து மூன்று. தாளைத் திருப்பித் திருப்பித் தேடினோம். நீ எங்கும் இல்லை.

பேப்பர்காரன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று இவர்களிடம் சொல்லிச் சமாளித்துவிட்டேன். என்னிடம் நீ என்ன சொல்லப்போகிறாய்?

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். தைலம் தேய்க்கிறேன்.

பேப்பர்காரர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அக்டோபர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இரண்டாம் காட்சி. விருந்தாளி வந்து அறை கேட்பார். நான் பலகையிலிருந்து ஏழாம் நம்பர் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பி, நாலு வரி பேசிக் கொடுக்க வேண்டும். எடுத்தேன். திரும்பினேன். நாலு வரியும் இல்லை. மறதி என்றால் தேடலாம், தம்பி. எனக்குத் தேடுகிற இடமே இல்லாமல் போய்விட்டது. பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து மூன்று தடவை வசனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். காதில் நன்றாக விழுந்தது. வாய் திறக்கவில்லை. விருந்தாளியாக நடித்தவர் நல்லவர், “அம்மாவுக்குக் காது மந்தம் போல” என்று சமாளித்தார். சனங்கள் சிரித்தார்கள். நான் சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். திரையைப் போட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அதுதான் காரணம். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்றார்கள். அடுத்த வாரம் ஒப்பனை அறையிலிருந்தே நான் வெளியே வரவில்லை. பேப்பரில் வந்த இருபத்தாறு வயதுக்காரி எங்கள் குழுவின் சின்னவள். இப்போது அவள்தான் விடுதிக்காரி. நல்ல பெண், நன்றாகவே செய்கிறாள். நான் பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு, குட்டி விளக்கு வெளிச்சத்தில் வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். அவள் எங்கேயும் தடுமாறுவதில்லை. அதனால் எனக்கு வேலையும் இல்லை.

உனக்கு அங்கே பெருமை சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கட்டும் என்றுதான் மறைத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 3

அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் நலத்தைப் பற்றி நீ எழுதுவதை இனிமேல் பாதிதான் நம்புவேன்.

காய்ச்சலாம். யாரிடம்? அம்மை போட்டு உடம்பெல்லாம் கொப்புளமாக இருந்தபோது கட்டிலில் ஏறி நின்று, போர்வையைச் சுற்றிக்கொண்டு, ராணியாக நடித்தவள் நீ. எனக்கு ஆறு வயது. சேவகன் வேஷம் எனக்கு. “நில்லடா” என்றாய். மூத்திரம் முட்டியபோதும் நின்றேன். அப்புறம் எனக்கும் அம்மை வந்தது, அது வேறு கதை.

வண்டி ஓட்டக் கற்ற காலத்தில் ஒரு மலை ஏற்றத்தில் எனக்கும் கை கால் விறைத்துவிட்டது. பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கிறது. பக்கத்தில் இருந்த பெரிய டிரைவர் “என்ன ஆச்சு?” என்று கேட்கவில்லை. “எதைப் பாத்த?” என்று கேட்டார். பள்ளத்தைப் பார்த்திருந்தேன்.

அதையே உன்னிடம் கேட்கிறேன். சாவியோடு திரும்பியபோது எதைப் பார்த்தாய்?

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்டதற்குப் பதில் எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். எழுதாவிட்டாலும் விடமாட்டாய்.

கடிகாரக்காரரைப் பார்த்தேன். உன் லாரியில் அடிபட்டு இறந்துபோன அந்த அம்மாவின் கணவரை. நான்காவது வரிசையில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலி, அதில் அவருடைய குடை. தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தில் பார்த்த அதே முகம். அன்றைக்கு உன்னையும் பார்க்காமல், நீதிபதியையும் பார்க்காமல், தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாரே, நினைவிருக்கிறதா? இங்கே நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் வருகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும். அதே இடம், பக்கத்தில் அதே குடை. என் முக்காலியிலிருந்து திரையின் விளிம்பு வழியாகத் தெரியும். எதற்காக வருகிறார்? என்னை அடையாளம் கண்டு, இவள் எந்த முகத்தோடு மேடையில் நிற்கிறாள் பார்ப்போம் என்று வருகிறார். வேறென்ன இருக்க முடியும்? அவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை.

பைண்டிங் பசை கையில் புண்ணாக்கினால் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிப் போடு.

அக்கா

மே 2

தம்பி,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏப்ரலில் போட்ட அட்டைக்கும் இல்லை. சிறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். “நல்லாத்தான் இருக்கார். கடிதம் குடுத்தோம், வாங்கிக்கிட்டார்” என்றார்கள். அப்படியென்றால் நீயாகத்தான் எழுதாமல் இருக்கிறாய்.

சரி. நானே அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே வைத்துக்கொண்டு நான் பட்டது போதும்.

தீர்ப்புக்குப் பிறகு உன் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். உன் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு டிக்கெட் இருந்தது. விடுதிக்காரி நாடகத்தை முதன்முதலாகப் போட்ட நாளின் டிக்கெட். மாலை ஆறரை. விபத்து நடந்தது அன்றைக்கு ஆறு பத்துக்கு, எங்கள் அரங்கத்துக்கு வரும் சாலையில். என்னிடம் “லோடு இருக்கு, வர முடியாது” என்று சொல்லியிருந்தாய். நீதிமன்றத்தில் தூக்கக் கலக்கம் என்று சொன்னாய்.

அன்று மாலை நான் என் வாழ்நாளில் நடிக்காத மாதிரி நடித்தேன். சனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் குனிந்து வணங்கினேன். அதே நேரத்தில் அங்கே ரோட்டில் அந்த அம்மாவுக்கு மேலே துணி போட்டிருப்பார்கள்.

இப்போது நீ சொல். என்னைப் பார்க்கத்தான் வந்தாயா?

அக்கா

மே 19

அக்கா,

ஆமாம்.

திடீரென்று முன்னால் வந்து நின்று உன்னை அசத்தலாம் என்று நினைத்தேன். லோடு இறக்க நேரமாகிவிட்டது. வேகமாக வந்தேன். அந்த அம்மா பாதி ரோட்டைத் தாண்டியிருந்தார். அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக உன் காதுக்குப் போகக் கூடாது என்றுதான் தூக்கம் என்று சொன்னேன். டிக்கெட்டை மறந்துபோனேன். முட்டாள்.

இரண்டு மாதம் எழுதாததற்கு வேறு காரணம் இல்லை. அவர் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று படித்ததும் என்னால் பேனாவைத் தொட முடியவில்லை.

ஆனால் ஒன்று. கேட்டுக்கொள். ஆக்சிலரேட்டரை மிதித்தது என் கால். உன் நாடகம் மிதிக்கவில்லை. அதில் பங்கு கேட்டு வராதே, தரமாட்டேன். எனக்கு நீதிபதி மூன்று வருஷம் கொடுத்தார். ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு நாள் முடியும். உனக்கு முக்காலியில் உட்காரச் சொல்லித் தண்டனை கொடுத்தது யார்? எத்தனை வருஷம்? அந்தத் தீர்ப்பை எனக்குக் காட்டு, வக்கீலிடம் சொல்லி மேல்முறையீடு செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? உன் கடிதத்தைப் படித்து அழுதேன். கடைசி வரியில் சிரித்தும்விட்டேன். அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். நீ திட்டுவாய்.

அவருடைய கடைக்குப் போனேன். வெறும் கையோடு போகத் தைரியமில்லை. மேடையில் சாவிப்பலகைக்கு மேலே தொங்கும் சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அது வெறும் கூடு மாதிரிதான், எப்போதும் நாலே காலில் நிற்கும். குறுகலான கடை, கண்ணாடிப் பெட்டி, ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். கடிகாரத்தை வைத்துவிட்டு, “ரிப்பேர் பண்ணணும்” என்றேன்.

நிமிர்ந்தார். முதலில் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இவரா? எட்டு மாசமா நாலே கால்லயே நிக்கிறாரே. எனக்கு நாடகத்துல பாதிக் கவனம் இதுலதாம்மா போகும்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்க குரல் எனக்குத் தெரியும். நீங்கதான அந்த விடுதிக்காரம்மா? மொதல்ல நடிச்சவங்க?”

தலையாட்டினேன்.

“அன்னைக்கு நடுவுல நின்னுட்டீங்க. மனசு சங்கடமாப் போச்சு. என் வீட்டுக்காரிதான் நாடகப் பைத்தியம், நான் சும்மா கூட வர்றவன். அவ இருந்திருந்தா, வாங்க, அந்தப் பொண்ணு மறுபடி வந்துட்டாளான்னு பாத்துட்டு வரலாம்னு வாராவாரம் இழுத்துக்கிட்டு வந்திருப்பா. அதான் வர்றேன். இன்னும் வரலையே நீங்க? உடம்புக்கு என்ன?”

தம்பி, அவருக்கு என்னைத் தெரியாது. நான் யார் என்று தெரியவே தெரியாது. எட்டு மாதமாக நான் அந்தத் திரையின் விளிம்பில் பார்த்து நடுங்கியதெல்லாம், நான் குணமாகி வந்துவிட்டேனா என்று பார்க்க வந்த ஒரு மனுஷனை.

அப்போதே கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. “நான் அந்த லாரி டிரைவரோட அக்கா” என்று சொன்னேன்.

பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். கடை முழுக்கக் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு மெதுவாகத்தான் சொன்னார், கோபமாகக்கூட இல்லை.

“இதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்மா. வாரத்துல எனக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் இருந்துச்சு.”

கடிகாரத்தை என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தைத்த புத்தகத்தில் பக்கங்கள் தலைகீழாகப் போய்விட்டன. பிரித்து மறுபடி தைத்தேன்.

ஏன் சொன்னாய்? உன் தலையில் இருந்த சுமையை இறக்கி அவர் கடையில் வைத்துவிட்டு வந்திருக்கிறாய். அந்த மனுஷனிடமிருந்து நான் ஒன்றைப் பறித்தேன். நீ மிச்சமிருந்ததைப் பறித்தாய். இப்படி எழுதிவிட்டு அந்த வரியை அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

வக்கீலிடம் கேட்டேன், பெயர் சொல்லாமல். அவர், “சொல்லாம மேடையேறி, அந்தப் பெரியவர் கைதட்டினதை அவங்க வாங்கிக்கிட்டிருந்தா, அதை என்னன்னு சொல்லுவ?” என்றார். அதையும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. உன்னைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. சாப்பிடாமல் இருக்காதே. அதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

தம்பி

ஆகஸ்டு 11

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நீ திட்டியது சரி. திட்டாமல் விட்டதும் சரி.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஏழு வாரம் எண்ணினேன். நான் யாரைப் பார்த்துப் பயந்தேனோ அவர் இனிமேல் வரமாட்டார். பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. அவர் பெயரைச் சொல்லி உள்ளே வந்த பயம், அவர் போன பிறகும் வீட்டுச் சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தது.

போன வாரம் சின்னவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாதாம். தாடிக்காரர் என் முக்காலிக்கு முன்னால் வந்து நின்றார். “எல்லா வசனமும் தெரிஞ்ச ஆள் இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தான்” என்றார். “எனக்கு வராதுங்க” என்றேன். “வரலைன்னா திரையைப் போடுவோம். ஏற்கெனவே ஒரு தடவை போட்டிருக்கோம். கட்டடம் ஒண்ணும் இடிஞ்சு விழல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று ஏறினேன். அதில் அழகாக எழுத ஒன்றும் இல்லை. மூன்று முறை கழிப்பறைக்கு ஓடினேன். பொத்தான்களைத் தையல்கார அம்மாதான் போட்டுவிட்டார். முதல் காட்சியில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. இரண்டாம் காட்சி. சாவியை எடுத்தேன், திரும்பினேன். வந்தது, தம்பி. அதே இடத்தில், சொல்லி வைத்த மாதிரி. நாலு வரியும் இல்லை. நான்காவது வரிசையில் யாரோ இளம் ஜோடி உட்கார்ந்திருந்தார்கள், யாரென்றே தெரியாது. ஆள் யாராக இருந்தாலும் அந்த இடம் என்னை விடப்போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

போன முறை வசனத்தைத் துரத்தினேன். இந்த முறை துரத்தவில்லை. பயந்துபோன ஒரு பொம்பளை நிற்கிறாள், கையில் சாவி இருக்கிறது, எதிரே ஒருவர் களைத்துப்போய் அதற்காகக் காத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாவியை அவர் கையில் வைத்தேன். கை கொடுத்த பிறகு வாய் பேசியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்டேன், “மூச்சு ஒண்ணு, ஒண்ணரை” என்றார்கள்.

மூன்றாம் காட்சியில்தான் கடிகாரக்காரரைப் பார்த்தேன். கடைசி வரிசையில், வாசல் கதவை ஒட்டி. பக்கத்து இருக்கையில் வேறு யாரோ. குடையை மடியில் வைத்திருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. நான் வசனம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தார். கதவைத் திறந்தார், வெளி வெளிச்சம் உள்ளே ஒரு கீற்று விழுந்தது, மூடியது. நாடகம் முடிய இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

நான் நிறுத்தவில்லை. கடைசிவரை நடித்தேன். இதைப் பெருமையாகச் சொல்கிறேனா, வெட்கப்பட்டுச் சொல்கிறேனா, எனக்கே தெரியவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. முடிந்ததும் சனங்கள் கைதட்டினார்கள். குனிந்து வணங்க வேண்டிய நேரத்தில் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வணங்கினேன்.

அக்கா

ஆகஸ்டு 25

அக்காவுக்கு,

வணக்கம். உன் கடிதத்தை வக்கீலுக்கும் படித்துக் காட்டினேன். “தையல்ல தேறாட்டிப் போகுது” என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய பாராட்டு.

கடிகாரக்காரருக்கு எழுதலாம் என்று நேற்றுத் தாள் வாங்கினேன். வணக்கம் என்று எழுதினேன். அடுத்து ‘நலமா’ என்று கேட்க வேண்டும். எந்தக் கடிதத்திலும் அதுதானே வழக்கம். அங்கே நின்றுவிட்டேன். நீ சொன்னாயே, தேடுகிற இடமே இல்லாமல் போய்விட்டது என்று. அது என்னவென்று இப்போது தெரிந்தது. தாளை மடித்து வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை.

அந்த நாடகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், மறுக்காமல் எழுது. அவர் எழுந்து வெளியே போனபோது நீ என்ன வசனம் பேசிக்கொண்டிருந்தாய்?

தம்பி

செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நேற்றும் நடித்தேன். நேற்றும் அந்த இடத்தில் நின்றேன், கொஞ்ச நேரம்தான். அவர் வரவில்லை.

நீ கேட்டது: எல்லோரும் படுக்கப் போயிருப்பார்கள். வேலைக்காரப் பெண் கதவைச் சாத்தப் போவாள். நான் அவளிடம் சொல்ல வேண்டும்.

“தாழ் போடாதே. வெளியே போனவங்க எப்ப வருவாங்கன்னு எனக்குத் தெரியாது.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் போனார். சொல்லி முடித்ததும் நான் மேடையின் இடப்பக்கம் போய், கிண்ணங்களை ஒதுக்கிவிட்டு, மேசையைத் துடைக்க வேண்டும்.

துடைத்தேன்.

அக்கா